வெள்ளை ஆறு என்றொரு கையொப்பம்

1888 மே மாதம் அவருக்கு 'ரியோ பிராங்கோ பிரபு' என்ற பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பிரேசிலின் முடியாட்சியே கவிழ்ந்தது. 1891இல் வந்த குடியரசின் அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்கள் அத்தனையையும் ஒழித்தது. அப்போது லிவர்பூலில் பிரேசிலின் கான்சலாக இருந்த ஜோசே மரியா ட சில்வா பரான்யோஸ் வேலையை உதறவில்லை. புதிய ஆட்சியோடு சண்டைக்கும் போகவில்லை. எழுதும் தாளின் அடியில் 'ரியோ பிராங்கோ' என்று மட்டும் கையொப்பம் இட்டார். பிரபு போய்விட்டார், பெயர் நின்றது. சட்டத்துக்கும் குறையில்லை, பழைய மன்னரின் உப்புக்கும் குறையில்லை.

போர்த்துகீசிய மொழியில் ரியோ என்றால் ஆறு, பிராங்கோ என்றால் வெள்ளை. அவருடைய தந்தையும் இதே பெயரில் பட்டம் பெற்றவர். 1871 முதல் 1875 வரை பேரரசின் பிரதமராக இருந்தவர். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை இனி அடிமையல்ல என்ற சட்டத்தை 1871இல் நிறைவேற்றியவர். ஆக அந்த ஒரு கையொப்பத்துக்குள் மறைந்த தந்தை இருந்தார், கவிழ்ந்த முடியாட்சி இருந்தது, ஓர் ஆறும் இருந்தது. மூன்றில் ஆறுதான் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஏனென்றால் இந்த மனிதரின் தொழில்வாழ்க்கையை உருட்டித் திரட்டினால் மிஞ்சுவது ஒரே கேள்வி: பழைய தாளில் பெயர் சொல்லியிருக்கும் ஆறு, தரையில் ஓடுகிற எந்த ஆறு?

அவர் பிறந்தது 1845 ஏப்ரல் 20, ரியோ டி ஜெனிரோவில். சட்டம் படித்தார், சிறிது காலம் வரலாறும் புவியியலும் கற்பித்தார், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், தந்தையோடு செயலராகப் பராகுவே போய்வந்தார், பத்திரிகையில் எழுதினார். இரவு வாழ்க்கையில் நாட்டம் உண்டு. பெல்ஜியத்து நடிகை மரி ஸ்டீவன்ஸோடு அவர் கொண்ட உறவும் அதில் பிறந்த பிள்ளைகளும் தலைநகரில் முணுமுணுப்பாயின. லிவர்பூல் பதவியை அவர் கேட்டபோது பேரரசர் இரண்டாம் பெட்ரோ மனம் இசையவில்லை. 1876இல் பேரரசர் வெளிநாட்டுப் பயணம் போனார். மகள் இசபெல் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அந்த இடைவெளியில் நியமனம் நடந்தது. 31 வயதில் கப்பல் ஏறியவர் நாட்டுக்குத் திரும்பிக் குடியேற 26 ஆண்டுகள் ஆயின.

வெளிநாட்டுப் பணியில் கான்சல் என்பது பகட்டில்லாத இருக்கை. கப்பல்களின் சரக்குத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும், கட்டணம் வாங்க வேண்டும். அரசியல் வேலை தூதருக்கு, துறைமுக வேலை கான்சலுக்கு. இப்படிப்பட்ட இடத்தில் பதினேழு ஆண்டு கிடப்பது ஒருவரை மழுங்கடித்துவிடும். இவரை அது தீட்டியது. குடும்பம் பாரிசில் இருந்தது. கிடைத்த நேரமெல்லாம் அங்கும் லண்டனிலும் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், பழைய புத்தகக் கடைகள், பழைய நிலப்படங்கள். பராகுவே போரைப் பற்றி ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் எழுதிய வரலாற்றின் போர்த்துகீசியப் பதிப்புக்கு அடிக்குறிப்பு எழுதினார். ஆண்டின் ஒவ்வொரு நாளிலும் பிரேசிலில் என்ன நடந்தது என்று தேதி தேதியாகத் தொகுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். யாரும் கேட்காமல், எந்தப் பதவியையும் எதிர்பாராமல், ஒரு நாட்டின் நினைவைத் தூர தேசத்தில் உட்கார்ந்து சேர்த்துக்கொண்டிருந்தார். அமைச்சராக அவர் செய்தவற்றைக் காட்டிலும், அமைச்சராவதற்கு முந்தைய இந்த மௌன ஆண்டுகளை நான் அதிகம் வியக்கிறேன்.

1893இல் வாஷிங்டனில் ஒரு மரணம் அவருக்குக் கதவைத் திறந்தது. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே பல்மாஸ் என்ற நிலப்பகுதி பற்றிய வழக்கு. நடுவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர். பிரேசில் சார்பில் வாதாடச் சென்றிருந்தவர் காலமாகிவிட, அந்த இடத்துக்கு லிவர்பூல் கான்சலை அழைத்தார்கள்.

வழக்கு என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவருடைய நயம் அதில்தான் இருக்கிறது. 1750இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மாட்ரிட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தென் அமெரிக்காவில் தங்கள் எல்லை உருகுவே ஆற்றில் ஏறி, பெப்பிரி என்ற கிளையாறு கலக்கும் இடத்தில் திரும்பி, அதன் தலைப்பு வரை போய், அங்கிருந்து இகுவாசுவில் விழும் இன்னோர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். எழுதியவர்கள் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. 1759இல் இரு நாட்டு அளவையர் சேர்ந்து போய் இதுதான் பெப்பிரி என்று ஓர் ஆற்றைக் குறித்தார்கள். முப்பது ஆண்டு கழித்துப் போன ஸ்பெயின்காரர்கள், கிழக்கே இருந்த வேறோர் ஆற்றைக் கண்டு, உண்மையான ஆறு இதுவே என்றார்கள். பின்னாளில் அர்ஜென்டினா இன்னும் கிழக்கே தள்ளிக் கோரியது. இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவே சிக்கிய நிலம் 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1890இல் இரு நாட்டு அமைச்சர்களும் ஆளுக்குப் பாதி என்று கையெழுத்துப் போட்டும் பார்த்தார்கள். பிரேசில் நாடாளுமன்றம் அதை ஏற்க மறுத்தது.

எதிர்வழக்காடியவர் எஸ்தானிஸ்லாவ் செபாயோஸ். சட்ட வல்லுநர், முன்னாள் வெளியுறவு அமைச்சர், சொல்வன்மை மிக்கவர். ரியோ பிராங்கோவுக்கு மேடைப்பேச்சு வராது. ஆனால் அவர் கேள்வியையே இடம் மாற்றி வைத்தார். எந்த ஆறு பெரியது, எந்த ஆறு எல்லைக்குப் பொருத்தம் என்ற பேச்சுக்குள் அவர் போகவே இல்லை. 1750இல் கையெழுத்திட்டவர்களின் மேசைமேல் விரிந்திருந்த படம் எது? அதில் பெப்பிரி என்று எழுதிய கோடு எங்கே இருந்தது? அளவையருக்குக் கொடுத்த அறிவுரைத் தாளில் என்ன அடையாளம் சொல்லியிருந்தது? 1749இல் வரைந்த அந்தப் படத்தையும், ஐரோப்பியக் காப்பகங்களில் தேடியெடுத்த அறிவுரைகளையும் அடுக்கி, செத்துப் போனவர்களின் கண் அன்று எந்தக் கோட்டில் பதிந்தது என்பதைக் காட்டினார். ஒரு பழம்பாடலுக்கு உரை சொல்பவர், இன்றைக்கு எது அழகான பொருள் என்று கேட்பதில்லை; பாடியவன் காலத்தில் அந்தச் சொல் எதைக் குறித்தது என்றுதான் கேட்பார். அந்த உரையாசிரியர் குணம் ஓர் அரசாங்க மனுவுக்குள் வந்து உட்கார்ந்தது. 1895 பிப்ரவரியில் குரோவர் கிளீவ்லாந்து தீர்ப்புச் சொன்னார்: முழுவதும் பிரேசிலுக்கு.

அடுத்தது இன்னும் நுட்பம். வடக்கே பிரெஞ்சு கயானாவை ஒட்டி அமப்பா நிலம். அங்கே பொன் கிடைத்து, ஆட்கள் குவிந்து, 1895 மே மாதம் பிரெஞ்சுப் படையும் அங்கிருந்த பிரேசில்காரர்களும் மோதி இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இரு நாடுகளும் சுவிட்சர்லாந்து அரசை நடுவராக ஏற்றன. வழக்கின் வேர் 1713ஆம் ஆண்டின் உட்ரெக்ட் ஒப்பந்தம். அதன் எட்டாம் பிரிவு 'ஜப்போக் அல்லது வின்சென்ட் பின்சோன்' ஆறு வரை என்று சொல்கிறது. ஓர் ஆற்றுக்கு இரண்டு பெயர்; நடுவில் ஓர் 'அல்லது'. அந்த 'அல்லது' மேல்தான் சுமார் 2,60,000 சதுர கிலோமீட்டர் நிலம் தொங்கிக்கொண்டிருந்தது! தெற்கே அமேசானை நோக்கி இருக்கும் அரகுவாரியே அந்த ஆறு என்றது பிரான்ஸ். இல்லை, ஓயாபோக்தான் ஜப்போக் என்றது பிரேசில்.

பெர்ன் நகரில் அமர்ந்த ரியோ பிராங்கோ ஒரு பெயரின் பயணத்தைப் பின்தொடர்ந்தார். ஆங்கிலேயர் காதில் அது வயாப்போக்கோ என்று விழுந்தது. வேறு மாலுமிகள் யாப்போக்கோ என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ஒரு காலத்தில் ஜப்போக் என்றும் இன்னொரு காலத்தில் ஓயாபோக் என்றும் எழுதினார்கள். எழுத்து மாறினாலும் முகத்துவாரம் மாறவில்லை என்பதை நூற்றாண்டு நூற்றாண்டாக, படம் படமாக வைத்துக் காட்டினார். எதிரே பிரான்சுக்குத் துணைநின்றவர் விதால் ட லா பிளாஷ், அந்தக் காலத்துப் புவியியலின் பெரும் ஆசிரியர்களில் ஒருவர். ரியோ பிராங்கோவுக்கு வலக்கையாக உதவியவர் எமிலியோ கோல்டி. சுவிஸ் நாட்டில் பிறந்து, அமேசான் கரையில் பெலெம் நகர அருங்காட்சியகத்தை வளர்த்த இயற்கை அறிஞர். அந்தக் காட்டையும் நடுவர்களின் மொழியையும் ஒருசேர அறிந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டதிலேயே வழக்கில் பாதி முடிந்துவிட்டது என்பேன்.

இன்னொரு செயல் என் மனத்தை நெகிழச் செய்வது. ஜோவாகிம் கயெத்தானோ ட சில்வா என்ற பிரேசில் அறிஞர் 1861இலேயே ஓயாபோக் ஆற்றைப் பற்றிப் பெரிய நூல் எழுதியிருந்தார். எல்லா வாதத்தையும் தனதாக்கிக்கொண்டு அந்த நூலை மறைத்திருக்க முடியும். ரியோ பிராங்கோ அதை மறுபதிப்புச் செய்து, தம் மனுவோடு சேர்த்தே நடுவரிடம் வைத்தார். முன்னோர் உழைப்பை முன்வரிசையில் உட்கார வைத்த பண்பு அது. 1900 டிசம்பர் 1 அன்று வந்த தீர்ப்பில் ஓயாபோக் எல்லையானது.

ஓர் இடத்தில் நிற்காமல் என்னால் போக முடியவில்லை. பெப்பிரி, இகுவாசு, ஓயாபோக், அரகுவாரி: எல்லாம் அந்தக் கரைகளில் ஐரோப்பியருக்கு முன்பே வாழ்ந்த மக்களின் சொற்கள். வாஷிங்டனிலும் பெர்னிலும் இத்தனை தாள் புரண்டதே, அந்தச் சொற்களுக்கு உரியவர்கள் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ரியோ பிராங்கோவும் அழைக்கவில்லை. அவரை எவ்வளவு போற்றினாலும் இந்த மௌனத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

பெர்லினில் தூதராக இருந்தவரை 1902இல் குடியரசுத் தலைவர் ரோட்ரிகெஸ் ஆல்வெஸ் வெளியுறவு அமைச்சராக அழைத்தார். தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். டிசம்பரில் பொறுப்பேற்றவர் நான்கு குடியரசுத் தலைவர்களுக்குக் கீழே, சாகும்வரை அதே நாற்காலியில் இருந்தார். ஆட்சி மாறும், அமைச்சரவை மாறும், ரியோ பிராங்கோ மாறமாட்டார்.

வந்தவுடன் காத்திருந்தது ஆக்ரே. முந்தைய இரண்டும் தாளால் வெல்லக்கூடியவை; இதில் தாள் எதிர்ப்பக்கம் இருந்தது. 1867இல் பிரேசிலே கையெழுத்திட்டு ஆக்ரே நிலத்தைப் பொலிவியாவுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் ரப்பர் தேடி, பஞ்சத்துக்குத் தப்பி, வடகிழக்குப் பிரேசிலிலிருந்து வந்த ஏழைகள் அந்த ஆற்றங்கரைகளில் குடியேறியிருந்தார்கள். பொலிவியா வரி கேட்டது; இவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள்; பிளாசிடோ ட காஸ்ட்ரோ தலைமையில் போர் நடந்தது. பொலிவியாவோ அந்நிலத்தை ஆளவும் வரி வாங்கவும் உரிமை கொடுத்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்குதாரர்கள் கொண்ட ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தது.

ரியோ பிராங்கோ முடிச்சை அவிழ்த்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கம்பெனி. அவர்களுக்கு 1,10,000 பவுண்டு கொடுத்து உரிமையைக் கைவிட வைத்தார். அத்தோடு வெளி வல்லரசுகள் மூக்கை நுழைக்கும் சந்து அடைபட்டது. பிறகுதான் பொலிவியாவோடு நேருக்கு நேர் உட்கார்ந்தார். 1903 நவம்பர் 17 அன்று பெட்ரோபொலிஸ் நகரில் ஒப்பந்தம். ஆக்ரே பிரேசிலுக்கு, பதிலுக்கு 20 லட்சம் பவுண்டு, எல்லையில் சில நிலத்துண்டுகள், கடலற்ற பொலிவியாவின் சரக்கு அமேசானுக்கு வந்துசேர மடெய்ரா–மமோரே ரயில் பாதை. களத்தில் பிரேசில் படை ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஏன் காசு, ஏன் நிலம் என்று உள்நாட்டில் கொதித்தார்கள். பெரும் சட்ட அறிஞர் ருய் பர்போசா பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்தே விலகிக்கொண்டார். பறித்துக்கொள்ள முடிந்ததை விலை கொடுத்து வாங்கியவர் என்பதுதான் இந்த அமைச்சரின் பெருமை என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்த ரயில் பாதை போடப்பட்டபோது மலேரியாவிலும் பிற நோய்களிலும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாக எழுதப்பட்ட அந்தப் பாதைக்குக் காசைவிடப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். 1912 ஆகஸ்டில் பாதை திறந்தபோது ரியோ பிராங்கோவும் உயிரோடில்லை.

எக்வடார், கொலம்பியா, டச்சுக் கயானா, பெரு என்று மற்ற எல்லைகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. பிரிட்டிஷ் கயானா மட்டும் இறங்குமுகம். 1904இல் இத்தாலி மன்னரின் தீர்ப்பில் பிரேசில் பெரும்பகுதியை இழந்தது.

பழைய எதிராளி செபாயோஸ் மீண்டும் வந்தார். 1908இல், ரியோ பிராங்கோ சிலி நாட்டிலுள்ள தம் தூதரகத்துக்கு அனுப்பிய 9ஆம் எண் தந்தி தம்மிடம் சிக்கியதாகவும், அதில் அர்ஜென்டினாவுக்கு எதிரான சூழ்ச்சி இருப்பதாகவும் ஒரு வாசகம் வெளிவரச் செய்தார். அது திரிக்கப்பட்ட வாசகம். பொய் என்று ஓர் அறிக்கை விட்டால் போதும் என்று வேறு அமைச்சர் நினைத்திருப்பார். ரியோ பிராங்கோ உண்மையான தந்தியையும், அதைப் பூட்டியிருந்த சங்கேதத்தின் திறவையும் சேர்த்தே அச்சில் போட்டார். யார் வேண்டுமானாலும் எண்ணை எழுத்தாக மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். வெளியுறவு அமைச்சகம் உயிர்போல் காக்க வேண்டிய ரகசியம் அது. ஒரு பூட்டையே பலி கொடுத்து வீட்டில் ஒளித்தது ஒன்றுமில்லை என்று காட்டினார். தாளை நம்பி வளர்ந்த மனிதர், தாளாலேயே தம்மைக் காத்துக்கொண்டார்.

அமைச்சகம் இருந்தது அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனிரோவின் இதமராத்தி மாளிகையில். அவர் வேலை செய்ததும், பல இரவுகளில் படுத்ததும் அங்கேதான். மேசை தெரியாத அளவுக்குத் தாள், விடாமல் சிகரெட், நல்ல சாப்பாட்டில் ஆசை, கனத்த உடல், வழுக்கை, பெரிய மீசை. கேலிச்சித்திரக்காரர்களுக்கு வரைந்து அலுக்காத உருவம். எழுத்தாளர்களைத் தேடித் தேடி அழைத்து வேலை கொடுத்தார். எவுக்ளிதெஸ் ட குன்யாவைப் புருஸ் ஆற்றின் தலைப்பை அளக்க அனுப்பினார். நாவலுக்கு நிகரான உரைநடை எழுதிய கை அங்கே படம் வரைந்தது.

1912 பிப்ரவரி 10 அன்று அந்த மாளிகையிலேயே உயிர் பிரிந்தது. கார்னிவல் நெருங்கிய நாள்கள். துக்கத்துக்காக அரசு திருவிழாவை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தது. மக்கள் பிப்ரவரியிலும் ஆடினார்கள், ஏப்ரலிலும் ஆடினார்கள். உயிரோட்டமான அந்த ஊர் அவரை மறந்ததால் அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. தலைநகரின் பெருஞ்சாலை அவர் பெயரைப் பெற்றது; ஆக்ரேயின் தலைநகரும் ரியோ பிராங்கோ ஆனது. இன்றைய 50 செண்டாவோ நாணயத்தில் அவர் முகம் இருக்கிறது. அவர் பிறந்த ஏப்ரல் 20 பிரேசிலில் தூதர்கள் நாள்.

கடைசி ஆண்டுகளில் அவர் செய்த ஒன்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பிரேசிலுக்கும் உருகுவேக்கும் நடுவே மிரிம் என்ற பெரிய காயல். அதில் வந்து விழும் ஆறு ஜகுவராவ். 1851ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி எல்லைக்கோடு தண்ணீரில் இல்லை, உருகுவேயின் கரையில். தண்ணீர் முழுக்கப் பிரேசிலுடையது. உருகுவேக்காரர் தம் வீட்டு வாசலில் அலையடிக்கும் நீரில் உரிமையோடு படகு விட முடியாது. ஒப்பந்தம் செல்லும், தாள் பிரேசிலின் பக்கம், எந்த நடுவரிடமும் பிரேசில் தோற்றிருக்காது. அந்த 1851இல்தான் ரியோ பிராங்கோவின் தந்தை, தூதுக்குழுச் செயலராக முதன்முதலில் அந்தத் தெற்குச் சீமைக்குப் போனார். தந்தை காலத்துத் தாள் அது.

1909 அக்டோபர் 30 அன்று மகன் அதைத் திருத்திக் கையெழுத்திட்டார். காயலிலும் ஆற்றிலும் எல்லைக்கோடு கரையை விட்டு நீருக்குள் இறங்கியது. படகு விடும் உரிமை உருகுவேக்கும் வந்தது. பதிலுக்கு நிலம் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, சலுகை எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ ஆறுகளைத் தம் பக்கம் வாசித்துக் காட்டியவர், ஒரே ஓர் ஆற்றை எதிர்க்கரையிலிருந்து வாசித்தார்.

அந்த மண்ணின் துப்பி மொழியில் 'குவாசு' என்றால் பெரியது, 'மிரிம்' என்றால் சிறியது. பல்மாஸ் வழக்கில் அவர் வென்ற எல்லையாற்றின் முழுப்பெயர் பெப்பிரி குவாசு. விட்டுக் கொடுத்த காயல் மிரிம். ஜகுவராவ் ஆற்றின் உருகுவே கரையில் ஒரு சிற்றூர் இருக்கிறது. நடு ஆற்றில் ஓடும் எல்லையைத் தாண்டி அக்கரையில் பிரேசிலின் ஜகுவராவ் நகரம். அந்த உருகுவே ஊருக்கு 1915இல் சூட்டப்பட்ட பெயர் ரியோ பிராங்கோ.